குரங்கணி ஆற்றில் தண்ணீர் நிறம் மாறிய காலை

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் தொண்ணூறு கிலோமீட்டர்தான். அதைக் கடக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. காரணம் என் நாத்தனார் மல்லிகா.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. மதுரையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுப் பேர் சேர்ந்து தெப்பக்குளம், கண்மாய், மலையடிவாரம் என்று ஏதாவது ஓர் இடத்தில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் படம் வரைவோம். அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் மூன்று வருடத்துக்கு முன்பு போடியைப் பற்றிச் சொன்னார். ஊரை ஒட்டிய கண்மாய்க் கரையில் நடப்பதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்கும் பாதை போட்டிருக்கிறார்களாம். விடிகாலையில் அங்கே நின்றால் வெயில் மலையிலிருந்து இறங்கி வருவதைப் பார்க்கலாமாம். வெயில் எப்படி இறங்கி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து போடி மனதில் கிடந்தது.

மல்லிகா போடியில்தான் இருக்கிறாள். என் கணவரின் தங்கை. ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு காதுகுத்து விருந்தில் எனக்கும் அவளுக்கும் வாய்த்தகராறு. யாரை முதல் பந்தியில் உட்காரவைத்தது, யாரை விட்டது என்பதில் ஆரம்பித்தது. எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. அதற்குப் பிறகு கல்யாணம், கருமாதி என்றால் மட்டும் முகம் பார்த்துக்கொள்வோம். அவள் இருக்கும் ஊருக்குப் போய் லாட்ஜில் தங்குவது அசிங்கம். அவள் வீட்டில் போய் நிற்கவோ மனம் வரவில்லை.

போன ஆவணியில் அவளே போன் செய்தாள். மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளாம். வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். பேச்சோடு பேச்சாக, "மதினி, பாப்பா சைக்கிளு சும்மாத்தேன் கெடக்கு. அண்ணன் சொன்னுச்சு, நீங்க சைக்கிள்ல போயி படம் வரையிறீகளாம்ல. வந்து ஓட்டுங்க" என்றாள். எங்கள் வீட்டுப் பக்கம் மன்னிப்பு இப்படித்தான் வரும். ஐப்பசி இரண்டாவது வாரம் சனி, ஞாயிறு என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு இருபதுக்கு மதுரையில் போடி ரயில். (கிளம்பும் முன் நேரத்தை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், மாறுகிறது.) உசிலம்பட்டி, ஆண்டிபட்டி தாண்டி தேனி வரும்போதே மேற்கே மலை எழும்பிவிடும். தேனிக்குப் பிறகு எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் மலைதான். போடியில் இறங்கியபோது பத்து நாற்பது. வண்ணப்பெட்டி, மூன்று பிரஷ், தடித்த தாள் பன்னிரண்டு, கடையில் காலியான இரண்டு மாத்திரை டப்பாக்கள். இதுதான் என் சாமான். மாத்திரை டப்பா என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். அகலமான வாய், கண்ணாடி போல உள்ளே தெரியும், விழுந்தால் உடையாது. ஒன்றில் பிரஷ் கழுவ, இன்னொன்றில் நல்ல தண்ணீர்.

மத்தியானம் மல்லிகாவின் கடையில் கழிந்தது. முன்பக்கம் கணக்கும் போனும். பின்பக்கம் நீளமான அறையில் பதினைந்து பெண்கள் முறத்தை மடியில் சாய்த்து ஏலக்காயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் வாசனை மூக்கில் ஏறி, கண்வரை குளிர்ந்தது. அந்தப் பெண்கள் கையைவிடக் கண்ணால்தான் வேலை செய்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒரே பச்சை. அவர்களுக்கு அதில் ஆறு பச்சை.

நான் வாசலில் உட்கார்ந்து தெருக்கோடியில் தெரிந்த மலையைச் சின்னதாக ஒரு படம் போட்டேன். மல்லிகா வந்து தலைக்குமேல் நின்று பார்த்தாள். உள்ளே போய் இரண்டு பிடி காய் கொண்டு வந்து என் தாளின் ஓரத்தில் வைத்தாள். ஒரு பிடி ஆழ்ந்த பச்சை. சூட்டறையில் பக்குவமாகக் காயவைத்தது. இன்னொரு பிடி வெயிலில் கிடந்து வெளுத்தது. "ஒங்க மலை வெயில்ல காஞ்ச காய் மாதிரி இருக்கு மதினி. வெலை போகாது" என்றாள். ஞாயிறு கூட்டத்தில் நான்கு வருடம் யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. பச்சையில் தண்ணீரை அதிகம் விட்டிருந்தேன். கொஞ்சம் கோபம் வந்தது. ஆனாலும் திருத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு சைக்கிளை எடுத்தேன். மல்லிகா வீட்டிலிருந்து கண்மாய்க் கரை ஒன்றரை கிலோமீட்டர். பெரிய நகரத்துச் சைக்கிள் பாதைகளை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். கரைமேல் சிமெண்ட் கல் பதித்து, ஒரு பக்கம் கம்பித் தடுப்பு வைத்து இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிறது. நடக்கிறவர்கள் பாதி, பால்கேனோடு சைக்கிளில் போகிறவர்கள் பாதி. அங்கங்கே சிமெண்ட் பெஞ்சு. மூன்றாவது பெஞ்சில் உட்காருங்கள். அங்கே மின்கம்பி குறுக்கே வராது. மல்லிகா தினமும் நடக்கிறவள். அவளும் கூட வந்து பெஞ்சைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

ஆறு பத்துவரை மலை ஒரே நீலக் கறுப்பு. பிறகு உச்சியில், கோடு போட்டதுபோல், ஒரு செம்மஞ்சள் விளிம்பு வந்தது. போடிக்கு மலை மேற்கே இருக்கிறது. கிழக்கே எழும் சூரியன் நம்மைத் தொடுவதற்கு முன் மலை உச்சியைத் தொட்டுவிடுகிறது. அந்த வெளிச்சம் கீழே இறங்க ஆரம்பித்தது. உண்மையாகவே இறங்கியது. முதலில் மேலே புல்வெளி தெரிந்தது. அப்புறம் சோலைக்காட்டின் மடிப்புகள். அப்புறம் வெள்ளிக் கம்பிபோல ஓர் அருவி. அதுவரை அங்கே அருவி இருப்பதே தெரியாது. பிரஷை நீட்டிப் பிடித்து அளந்தேன். நிமிடத்துக்கு ஒரு நகக்கண் அளவு. வெளிச்சம் தொட்ட இடத்தில் பச்சை விழித்துக்கொண்டது. தொடாத இடம் இன்னும் ராத்திரியில் இருந்தது. ஒரே மலையில் பாதி பகல், பாதி இரவு. ஆறு முப்பத்தைந்துக்கு வெயில் அடிவாரத்துத் தென்னந்தோப்புக்கு வந்து, கண்மாய்த் தண்ணீரில் கால் வைத்து, எங்கள் பெஞ்சில் ஏறியது. என் கையில் சூடு பட்டபோதுதான் நான் ஒரு கோடுகூடப் போடவில்லை என்று தெரிந்தது. இருபத்தைந்து நிமிடம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

தினமும் இதைப் பார்த்துக்கொண்டா நடக்கிறாய் என்று மல்லிகாவிடம் கேட்டேன். தினமும் தரையைப் பார்த்துத்தான் நடப்பதாகவும், கல் பெயர்ந்து கிடப்பதாகவும் சொன்னாள்.

ஏழரைக்கு குரங்கணி கிளம்பினோம். போடியிலிருந்து பதினாறு கிலோமீட்டர். முந்தலில் போடிமெட்டுச் சாலையை விட்டுப் பிரிந்து, கொட்டகுடி ஆற்றை ஒட்டி ஏற வேண்டும். ஏறும்போது சைக்கிள் வேண்டாம். ஜீப்பின் மேலே கட்டிவிட்டேன். எனக்கு ஐம்பது ரூபாய், சைக்கிளுக்கு ஐம்பது ரூபாய். மல்லிகா தன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். ஜீப் ஓட்டுநர் பெயர் செல்வம். இந்த வருடம் மழை பிந்திவிட்டது, போடிப் பக்கம் ஆறு வெறும் மணல்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது மேலே கையைக் காட்டினார். முகட்டில் மட்டும் பஞ்சு அடைத்ததுபோல் மேகம். "மேல மூடிக்கிட்டு நிக்கிது. ஆத்துப்பக்கம் போனா மத்தியானத்துக்குள்ள வெளிய வந்துருங்கக்கா" என்றார். மத்தியானத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. எங்கள் தலைமேல் நல்ல வெயில். சரி சரி என்றேன்.

குரங்கணியில் டீ பன்னிரண்டு ரூபாய். குடித்துவிட்டு, ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் கீழே இறங்கி, ஆறு சாலைக்கு மிக அருகில் வரும் ஒரு வளைவில் நிறுத்தினோம். சைக்கிளும் ஸ்கூட்டரும் சாலையோரம். பத்தடி சரிவில் இறங்கினால் மருத மரங்கள், அப்புறம் பாறைகள். பாறைகளுக்கு நடுவே கணுக்கால் அளவு தண்ணீர். அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் எண்ணலாம்போல் தெளிவு. இரண்டு கல் தாண்டினால் தட்டையான ஒரு பாறை. அதில் உட்கார்ந்தால் எதிரே மலைச்சரிவு முழுக்கக் கிடைக்கிறது: கீழே காப்பித் தோட்டம், மேலே நிழல்மரங்களுக்கு அடியில் ஏலம், அதற்கும் மேலே பாறை, அப்புறம் மேகம். ஒன்பது இருபதுக்கு வரைய ஆரம்பித்தேன்.

என்னிலிருந்து இருபது அடி கீழே ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் பேச்சியம்மாள். ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கப் போகிறவர், ஞாயிறு விடுமுறை. வீட்டுத் துணி மொத்தமும் ஓர் அலுமினிய அன்னக்கூடையில் கொண்டு வந்திருந்தார். வந்தவுடன் இவ்வளவும் அவர் வாயால் கேட்டுச் சொன்னது மல்லிகாதான். அவள் என்னோடும் பேசினாள், அந்த அம்மாவோடும் பேசினாள். ஏலக்காய் விலை, மகளின் ஹாஸ்டல் சாப்பாடு, என் கணவர் சின்ன வயதில் செய்த சேட்டை என்று நிற்காமல் போனது. எனக்கு அந்தச் சரிவின் நிழல் பிடிபட்டுக்கொண்டிருந்த நேரம். காய்ந்துவிடுவதற்குள் அடுத்த வண்ணத்தை விட வேண்டும். மல்லிகா ஏதோ கேட்டாள். நான் திரும்பாமலே, "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இரேன் மல்லிகா" என்றேன்.

சொன்ன விதம் நன்றாக இல்லை. எனக்கே காதில் விழுந்தது. அவள் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றின் மேல்பக்கமாக நடந்து போனாள். திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நிழல் காய்ந்துகொண்டிருந்தது.

பத்தே முக்கால் இருக்கும். நல்ல தண்ணீர் டப்பாவில் பிரஷை நனைத்து மேகத்தின் ஓரத்தை இளக்கினேன். வெள்ளையாக வர வேண்டிய இடம் லேசாகப் பழுப்பு. பிரஷில் முந்தைய வண்ணம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். டப்பாவைக் கொட்டிவிட்டு ஆற்றில் புதிதாக மொண்டு, வெள்ளைத் தாளின்மேல் வைத்தேன். தண்ணீர் டீத்தூளை அலசிய நிறத்தில் இருந்தது. உள்ளே தலைமுடிபோல மெல்லிய நார்கள் சுழன்றன. குனிந்து ஆற்றைப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. கூழாங்கற்கள் அப்படியேதான் இருந்தன. வெள்ளைத் தாள் அடியில் இருந்ததால்தான் நிறம் காட்டிக்கொடுத்தது.

எனக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். மேலே யாராவது மாடு குளிப்பாட்டுகிறார்களா, தண்ணீர் கலங்கி வருகிறதே என்று பேச்சியம்மாளிடம் டப்பாவைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் துவைப்பதை நிறுத்தினார். வேகமாக வந்து டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு மலையைப் பார்த்தார். முகட்டு மேகம் இப்போது ஈயம்போல் கறுத்து, பாதி மலைவரை இறங்கியிருந்தது. நான் அதைத்தான் ஒரு மணி நேரமாக வரைந்துகொண்டிருந்தேன். நிறம் மாறுவதைப் பார்த்து, அதற்கேற்ப நீலத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். அது மழை என்று மண்டையில் ஏறவில்லை.

"எம்புட்டு நேரமா இப்பிடி வருது?" என்று கேட்டார். இப்போதுதான், இரண்டு மூன்று நிமிடமாக என்றேன்.

"மேல கொட்டிருச்சு. எந்திரிம்மா. கூட வந்த பிள்ள எங்கிட்டுப் போச்சு?"

டப்பாவை என் கையில் திணித்துவிட்டு அவர் கரையேறி மேல்பக்கமாக ஓடினார். ஓடும்போது துவைத்து முறுக்கி வைத்திருந்த துணிகளில் ஒரு சேலையையும் துண்டையும் மட்டும் அள்ளிக்கொண்டார். நானும் பின்னால் ஓடினேன். வளைவு தாண்டி நூறு அடியில் மல்லிகா தெரிந்தாள். ஆற்றின் நடுவே ஆளுயரப் பாறை ஒன்றில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கரைக்கும் நடுவே பன்னிரண்டு அடி தண்ணீர். அவள் போகும்போது கணுக்கால் அளவு இருந்திருக்கும். இப்போது முழங்காலுக்கு வந்து, முழுப் பழுப்பாக ஓடியது.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆறு அதற்குள் அவ்வளவு சத்தம் போட ஆரம்பித்திருந்தது. பேச்சியம்மாள் கத்தவில்லை. ஈரத் துண்டைப் பந்தாகச் சுருட்டி வீசினார். அது மல்லிகாவின் முகத்தில் போய்ச் சப்பென்று விழுந்தது. கோபத்தோடு எழுந்து உட்கார்ந்தாள். எங்களைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள்.

பேச்சியம்மாள் சேலையின் ஒரு நுனியை மருத மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி என்னைப் பிடிக்கச் சொன்னார். மறுநுனியில் ஒரு கல்லை முடிந்து பாறைக்கு வீசினார். முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதை மல்லிகா பிடித்துவிட்டாள். கையில் சுற்றச் சொல்லி, இடுப்பில் சுற்றச் சொல்லி, அவர் சைகையிலேயே காட்டினார். "இப்ப எறங்கு ஆத்தா. வெரசா. கீழ பாக்காத, என்னயப் பாரு" என்றார். அது அவளுக்குக் கேட்டதா தெரியாது. இறங்கினாள்.

நாலு எட்டு நன்றாக வைத்தாள். ஐந்தாவதில் கால் போனது. ஒரு கணம் தலை தெரியவில்லை. சேலை என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. மரத்துச் சுற்று பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் இழுத்தோம். எப்படி இழுத்தோம் என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. மல்லிகா கரைக் கல்லில் முழங்கால் அடிபட, இருமிக்கொண்டே ஏறினாள். செருப்பு இல்லை, போன் இல்லை. பேச்சியம்மாள் எங்களை நிற்கவிடவில்லை. சாலைவரை நெட்டித் தள்ளிக்கொண்டு போனார்.

சாலையில் கால் வைத்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. முதலில் சத்தம் காதுக்கு வரவில்லை, காலுக்கு வந்தது. தார்ச்சாலை உள்ளங்காலில் அதிர்ந்தது. பிறகு லாரி லாரியாகக் கல் கொட்டுவதுபோல் ஓசை. வளைவுக்கு மேலே குருவிகளும் மைனாக்களும் கும்பலாகக் கிளம்பிப் பறந்தன. அப்புறம் ஆறு வந்தது.

அதை ஆறு என்று சொல்ல நா எழவில்லை. நிலமே எழுந்து வருவதுபோல் வந்தது. முன்னால் நுரையும் சருகும் சுள்ளியும் வேலிபோல உருண்டன. அதற்குப் பின்னால் இடுப்புயரம், நெஞ்சுயரம், அதற்கும் மேல் என்று பழுப்புத் தண்ணீர். வேரோடு ஒரு மரம் நின்ற வாக்கிலேயே போனது. தண்ணீர் மல்லிகா படுத்திருந்த ஆளுயரப் பாறையில் மோதி, ஒரு முறை தெறித்து, மூடியது. பாறை இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் கூம்பாக எழும்பி விழுந்தது. தண்ணீருக்கு அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை தொடர்ந்து கேட்டது. பச்சை மண்ணும் நசுங்கிய இலையும் கலந்த வாசனை. எங்கள் தலைமேல் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை.

பயந்தேனா என்று கேட்டால், அந்தக் கணத்தில் இல்லை. பயப்படுவதற்கு நான் என்று ஒருத்தி இருக்க வேண்டும். அங்கே அதற்கு இடமில்லை. மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். யார் முதலில் பிடித்தது என்று தெரியாது. காலையில் அதே மலை வெளிச்சத்தை எவ்வளவு பூப்போல இறக்கி அனுப்பியது. இப்போது அனுப்புவது இது. இரண்டுக்கும் மலை நம்மைக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே தேடிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த பாறை இல்லை. வண்ணப்பெட்டி, பிரஷ்கள், முக்கால்வாசி முடித்த படம் எல்லாம் போய்விட்டன. பேச்சியம்மாளின் அன்னக்கூடையும் வீட்டுத் துணி மொத்தமும் போயிருந்தன. அவர் எங்களுக்காக ஓடாமல் இருந்திருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு கரையேற நேரம் இருந்தது. சொன்னேன். "துணிதான" என்று விட்டுவிட்டார். பிறகு, தினமும் இந்த ஆற்றில் இறங்க பயமில்லையா என்று மல்லிகா கேட்டதற்கு, பயந்தால் துணியை யார் வெளுப்பது, தண்ணீரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இன்றைக்கு உங்களோடு பேசிக்கொண்டிருந்ததில் பார்க்காமல் விட்டேன் என்றார். அந்த டப்பாவை நான் காட்டியிருக்காவிட்டால் தானும் போயிருப்பதாக அதே குரலில் சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் என் இடது கையைப் பார்த்தேன். டப்பா இன்னும் அதில் இருந்தது. சேலையை வலது கையாலும் பல்லாலும் பிடித்திருக்கிறேன் போல.

பன்னிரண்டரைவரை சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். டப்பாவின் அடியில் வண்டல் படிந்திருந்தது. சைக்கிள் பையில் மிச்சத் தாள் இருந்தது. பிரஷ் இல்லாததால் விரலால் அந்த வண்டலைத் தொட்டு, எதிரே ஓடுவதைத் தாளில் இழுத்தேன். நாலு இழுப்புதான். நான் இதுவரை போட்ட படங்களில் பொய் இல்லாதது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பேச்சியம்மாள் பார்த்துவிட்டு, ஆறு மாதிரி இருக்கிறது என்றார். மல்லிகா முழங்கால் காயத்தை ஊதிக்கொண்டிருந்தாள். அவள் அதுவரை என்னிடம் பேசவே இல்லை.

இறங்கும் சாலை பதினான்கு கிலோமீட்டர். பிரேக்கைப் பிடித்தபடியே வந்தேன். மல்லிகா வெறுங்காலோடு ஸ்கூட்டரில் என் பின்னாலேயே மெதுவாக வந்தாள். ஆறு கூடவே ஓடியது. சில இடங்களில் எங்களுக்கு முன்னால், பள்ளத்தில் மறைந்து, மறுபடி பக்கத்தில். முந்தல் தாண்டியதும் ஒரு வியப்பு. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. வெள்ளத்தை நாங்கள் முந்திவிட்டோம்.

ஊருக்கு வெளியே ஆற்றுப் பாலத்தில் இருபது முப்பது பேர் நின்றார்கள். மேலே இருந்து போனில் சேதி வந்திருந்தது. நாங்களும் நிறுத்தினோம். இரண்டே கால் மணிக்கு மணலில் அது வந்தது. சேலைக் கரை அகலத்துக்கு ஒரு நுரைக் கோடு. சருகுகளை முன்னால் தள்ளிக்கொண்டு, மனிதர் நடக்கும் வேகத்தில். காய்ந்த மணல் சிறு சத்தத்தோடு அதைக் குடித்தது. குடித்து நிறைந்த இடத்தில் தண்ணீர் அடுத்த அடி வைத்தது. பள்ளத்தை நிரப்பும்வரை பொறுத்து நின்று, பிறகு நகர்ந்தது. ஒருவர் செருப்பைக் கழற்றினார். ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காலையில் ஆளுயரப் பாறையை விழுங்கிய அதே தண்ணீர்.

மல்லிகா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, நான் சொன்னதால்தானே மேலே போனாய் என்றேன். காதுகுத்துக்கும் சேர்த்துத்தான் சொன்னேன், அவளுக்குப் புரிந்திருக்கும்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வாய மூடச் சொன்னீக. மூடிக்கிட்டுப் போயிட்டேன். இனிமே சொல்லாதீக மதினி. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். எங்க இருக்கேன்னாவது ஒங்களுக்குத் தெரியும்ல."

மாலை ரயில் ஐந்து ஐம்பதுக்கு. அதற்குள் உள்ளங்கைக்கு மருந்து போட்டு, சாப்பிட்டு, ஸ்டேஷன் வந்து சேர்ந்தோம். இரண்டு வாரம் கழித்து மல்லிகா நான்கு சேலையும் ஒரு புது அன்னக்கூடையும் வாங்கிக்கொண்டு குரங்கணி போயிருக்கிறாள். பேச்சியம்மாள் சேலையை வாங்க மறுத்து, அன்னக்கூடையை மட்டும் வாங்கிக்கொண்டாராம். மல்லிகா சேலைகளை அதற்குள்ளேயே வைத்து மூடிக் கொடுத்திருந்தாளாம்.

போக நினைப்பவர்களுக்கு: கண்மாய்க் கரைக்கு ஆறு மணிக்கு முன்பே போய்விடுங்கள், வெயில் இறங்குவது இருபத்தைந்து நிமிடம்தான். முதல் நாள் வரையாதீர்கள், பார்த்தாலே போதும். குரங்கணிக்கு ஏறும்போது ஜீப், இறங்கும்போது சைக்கிள். கிளம்பும் முன் இரண்டு பிரேக்கையும் சோதியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுக்குள் உட்காரவே வேண்டாம். கரையிலிருந்து வரைந்தாலும் மலை அதே மலைதான். உங்கள் தலைமேல் இருக்கும் வானத்தை நம்பாதீர்கள், முகட்டில் இருக்கும் வானத்தைப் பாருங்கள். தண்ணீரில் சருகும் நாரும் வந்தால், நிறம் துளி மாறினால், சாமானை விட்டுவிட்டு எழுந்திருங்கள். உள்ளூர்க்காரர் ஒரு நேரம் சொன்னால் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வெளியே வாருங்கள்.

தனியாகப் போகாதீர்கள். வாய் ஓயாமல் பேசுகிற ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். படம் கொஞ்சம் கெடும். கெடட்டும்.